அஞ்சற் சேவையகத்தின் நலமும் ஆணைத்தொடரும்: ஒரு வரலாற்று நோக்கு

கணனித் தொழினுட்பத்தின் வரலாறு தமிழில் எழுதப்படும்போது அது பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றது. 1971ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் றே ரொம்லின்சன் என்னும் பொறியியலாளர் வலையமைப்பின் வழியாக ஒரு கணனியிலிருந்து மற்றொன்றுக்கு முதன்முதல் மடல் அனுப்பினார் என்பது இன்று பாடநூற் செய்தியாகிவிட்டது. அதன் பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேலாக அம்மடல்கள் நாள்தோறும் போய்ச்சேர்வதற்கு எவ்வகை உழைப்புக் காரணமாயிருந்தது, அவ்வுழைப்பு யாருடையது, அதன் பயனை நுகர்ந்தோர் யாவர் ஆகிய வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. அஞ்சற் சேவையகங்களின் நலத்தைக் கண்காணிப்பதற்கென எழுதப்பட்ட சிறு ஆணைத்தொடர்களின் வரலாற்றை இவ்வினாக்களின் அடிப்படையில் நோக்க இக்கட்டுரை முனைகின்றது. ‘நலம்’ என்ற சொல்லுக்கு ஒவ்வொரு காலகட்டத்திலும் என்ன பொருள் கொள்ளப்பட்டது, அப்பொருளை வரையறுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே நமது மையப் பிரச்சினையாகும்.

ஆணைத்தொடர் என்று நாம் இங்குச் சுட்டுவது ஸ்கிரிப்ற் என வழங்கப்படுவதையாகும். பெருநிரல்கள் பொறிமொழிக்கு மாற்றப்பட்டு மூடிய பண்டமாகச் சந்தைக்கு வருகின்றன. ஆணைத்தொடரோ மனிதர் வாசிக்கக்கூடிய எழுத்துருவிலேயே கிடந்து, கணனியால் வரிக்கு வரி நிறைவேற்றப்படுவது. அது இருபது வரியிலும் அமையும், இருநூறு வரியிலும் அமையும். இலக்கிய மாணாக்கர் ஒருவர் இத்தகைய பொருள்பற்றி எழுதப் புகுவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயின் ஆணைத்தொடரும் ஒரு பாடமே. அதற்கு ஆக்கியோன் உண்டு. பிரதி செய்வோர் உண்டு. கைமாறும்போது இடைச்செருகலும் பாடபேதமும் ஏற்படுகின்றன. வரிகளுக்கிடையே, கணனி பொருட்படுத்தாது விட்டுவிடும் விளக்கக் குறிப்புகள் உரைபோல அமைகின்றன. ஏட்டுச்சுவடிகளின் பரவலை ஆராய்ந்து பழகியோருக்கு இவ்வியல்புகள் அந்நியமானவை அல்ல.

கண்காணிப்பின் தேவை மின்னஞ்சலின் இயல்பிலிருந்தே பிறந்தது. தொலைபேசியிற் பேசுபவர் மறுமுனை அற்றுப்போனமையை அக்கணமே உணர்ந்துகொள்கிறார். மின்னஞ்சல் அத்தகையதன்று. அது வாங்கி வைத்து, சமயம் பார்த்து அனுப்பும் முறையில் இயங்குவது. 1982 ஓகஸ்டில் ஜோன் போஸ்ரெல் வெளியிட்ட எளிய அஞ்சற் பரிமாற்ற நெறிமுறை இம்முறையை வகுத்துரைத்தது. அதன்படி இரு சேவையகங்களும் மூன்றிலக்க எண்களால் உரையாடுகின்றன. 2இல் தொடங்கும் எண் சம்மதத்தைக் குறிக்கும். 4இல் தொடங்குவது ‘இப்போது இயலாது, பின்னர் வருக’ என்னும் தற்காலிக மறுப்பு. 5இல் தொடங்குவது நிரந்தர மறுப்பு. தற்காலிகமாக மறுக்கப்பட்ட மடல் அனுப்பும் சேவையகத்தின் வரிசையிலே காத்திருக்கும். மறுமுயற்சிகளுக்கிடையே குறைந்தது 30 நிமிட இடைவெளி இருத்தல் வேண்டும் என்றும், நான்கைந்து நாட்கள் வரை முயன்ற பின்னரே கைவிடலாம் என்றும் 1989இல் வெளிவந்த விதித்தொகுப்பு அறிவுறுத்தியது.

இந்நான்கைந்து நாட்களே நமது வரலாற்றின் களம் எனலாம். பொறுமையுள்ள இந்த ஏற்பாடு வலையமைப்பின் சிறு முறிவுகளையெல்லாம் தாங்கிக்கொள்கின்றது. அதே பொறுமை முறிவை மறைத்தும் விடுகின்றது. எழுதியவர் தமது மடல் சென்றுவிட்டதென எண்ணியிருப்பார். பெற வேண்டியவர் எதுவும் எழுதப்படவில்லை என எண்ணியிருப்பார். மடலோ இடைவழியில் ஒரு வட்டிலே கிடக்கும். ஆகவே சேவையகத்தின் நோய் நோயாளியின் முனகலால் வெளிப்படுவதில்லை. யாரேனும் சென்று பார்த்தாலன்றி அது தெரியவராது.

சென்று பார்க்கும் அந்த ஒருவரை நெறிமுறை மறக்கவில்லை என்பது சுவையான செய்தி. 1982இல் வெளிவந்த மடல் அமைப்புப் பற்றிய விதி, அஞ்சல் பெறும் ஒவ்வோர் இடத்திலும் ‘தபாலதிபர்’ என்னும் முகவரி இருத்தல் வேண்டும் என்று கட்டளையிட்டது. அம்முகவரிக்கு வரும் முறைப்பாடுகளை மனிதர் ஒருவர் வாசிப்பார் என்பது அதன் எதிர்பார்ப்பு. எண்களாலும் குறிகளாலும் நிறைந்த அவ்விதிகளினூடே ஓர் உழைப்பாளியின் பதவிப்பெயர் இவ்வாறு இடம்பெற்றது. அக்காலத்திலே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அப்பதவிக்கெனத் தனி ஊதியமோ தனி மேசையோ இருக்கவில்லை. கணனி நிலையத்தில் வேறு பணி புரிந்த ஒருவரே தபாலதிபருமானார்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் எரிக் ஓல்மன் ஆக்கிய சென்ட்மெயில், 1983இல் வெளிவந்த பேர்க்லி யுனிக்ஸுடன் இணைந்து பரவியது. அதற்கு முன்னரே, 1979இல் பெல் ஆய்வுகூடத்தின் ஏழாம் பதிப்பு யுனிக்ஸ், ஸ்ரீபன் போர்னின் ஷெல்லையும், குறித்த நேரத்திற் குறித்த ஆணையை எழுப்பிவிடும் கிரொன் என்னும் கடிகாரக் காவலனையும் பொதுவழக்குக்குக் கொண்டுவந்திருந்தது. இம்மூன்றும் ஒரே கணனியிற் சந்தித்தபோது கண்காணிப்பு ஆணைத்தொடர் தோன்றுவதற்கான பௌதிக நிலைமைகள் கனிந்தன. அதற்கு முந்திய வழக்கம் யாதெனில், பராமரிப்பாளர் காலையில் வந்ததும் வரிசையைப் பட்டியலிடும் ஆணையைத் தட்டச்சுச் செய்து, தேங்கிய மடல்களைக் கண்ணால் எண்ணுவது. மதியம் மீண்டும் எண்ணுவது. வீடு செல்லுமுன் மற்றொரு முறை எண்ணுவது. தாம் தட்டச்சுச் செய்ததையே ஒரு கோப்பில் எழுதி, அதனைக் கிரொனிடம் ஒப்படைத்தமையே முதற்படி. புதிதாக எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை; அன்றாடப் பழக்கமொன்று எழுத்திலே பதிவாயிற்று, அவ்வளவே.

இவ்வாணைத்தொடரின் நடை எளிது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது விழிக்கும். சேவையகத்தின் 25ஆம் இலக்கத் துறையைத் தட்டும். 220 என்ற வரவேற்பு வருகிறதா எனக் காத்திருக்கும். வந்தால் தன் பெயரைக் கூறும். 250 என்ற மறுமொழி கிடைத்ததும் விடைபெறும். பின்னர் வரிசையில் எத்தனை மடல்கள் தேங்கியுள்ளன, வட்டில் எவ்வளவு இடம் எஞ்சியுள்ளது, கணனியின் சுமை எவ்வளவு என்று பார்க்கும். ஏதேனும் ஓர் எண் எல்லையைக் கடந்திருப்பின் பராமரிப்பாளருக்கு அறிவிக்கும்.

அந்த எல்லை எது? இங்கேதான் நாம் சற்றுத் தரித்து நிற்க வேண்டியுள்ளது. வரிசையில் 300 மடல்கள் தேங்கியிருப்பது நோயா, நோயின்மையா என்பதற்கு நெறிமுறை விடை தருவதில்லை. தேர்வுக் காலத்துப் பல்கலைக்கழகத்தில் அது சாதாரணமாகலாம். நள்ளிரவில் ஒரு சிறு அலுவலகத்தில் அது பேரபாயத்தின் அறிகுறியாகலாம். தொலைவிலுள்ள ஒரு பெருஞ் சேவையகம் பழுதடைந்திருப்பின் அதற்குரிய மடல்கள் மட்டும் தேங்கும். அப்போது நமது சேவையகம் நலமாகவே உள்ளது. ஆணைத்தொடரில் எழுதப்படும் ஒற்றை எண்ணுக்குப் பின்னால், அவ்விடத்தின் அஞ்சற் போக்கினை மாதக்கணக்காக அவதானித்த ஒருவரின் அனுபவம் உறைந்து கிடக்கின்றது. அவ்விடத்தைவிட்டு அவர் விலகிச் சென்றபின் எண் எஞ்சும், காரணம் மறைந்துவிடும். குறிப்புரை எழுதாத ஆணைத்தொடர்களைப் பெற்றுக்கொண்டவர்கள், உரையில்லாத மூலத்தை வைத்துக்கொண்டு இடர்ப்பட்ட பதிப்பாசிரியரின் நிலையிலேயே இருந்தனர்.

1988 நவம்பர் 2ஆம் நாள் இரவு பரவிய மொறிஸ் புழு இத்துறையினருக்குக் கடும் பாடமொன்றைப் புகட்டியது. அது நுழைந்த வழிகளுள் ஒன்று சென்ட்மெயிலில் சோதனைக்கென விடப்பட்டிருந்த திறவு வழியாகும். பல இடங்களில் அதனை முதலிற் காட்டிக்கொடுத்தது கணனிச் சுமையின் அசாதாரண ஏற்றமே. தற்காப்புக்காகப் பல நிறுவனங்கள் அஞ்சற் சேவையை நிறுத்தின, வலையமைப்பினின்றும் துண்டித்துக்கொண்டன. அதன் விளைவாகப் புழுவை ஒழிக்கும் வழியைக் கூறிய மடல்களே உரியவரைச் சென்றடையத் தாமதமாயின.

இதனை வெறும் விபத்தெனக் கொள்ளலாகாது. அஞ்சல்வழி அறிவிக்கும் ஆணைத்தொடர் ஒவ்வொன்றிலும் இதே முரண்பாடு உள்ளுறைந்திருந்தது. கிரொன் தனது வேலையின் வெளியீட்டை உரியவருக்கு அஞ்சலாகவே அனுப்பும் வழக்கமுடையது. சேவையகம் நோயுற்றதும் அந்நோயைப் பற்றிய செய்தியும் அதே நோயுற்ற சேவையகத்தின் வரிசையிற் போய்ப் படுத்துக்கொள்ளும். பழுது நீங்கிய பின்னர், ‘அஞ்சல் இயங்கவில்லை’ என்னும் எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் ஒருங்கே வந்து குவிவது இத்துறையில் யாவரும் அறிந்த நகைச்சுவை. இதிலிருந்து விடுபட இரு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று, வேறொரு கணனியில் நின்று பார்த்தல். மற்றது, அஞ்சலைச் சாராத ஊடகமொன்றால் அறிவித்தல். தொலைபேசி இணைப்பின் வழியாகப் பேஜர் கருவியை ஒலிக்கச் செய்தல் அவ்வாறு பிறந்தது.

இனி, நலம் என்ற கருத்தின் வளர்ச்சியை நோக்கலாம். ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வுகூடமொன்றிற் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய பிங் என்னும் சிறு நிரல், மறுமுனைக் கணனி உயிர்த்திருக்கின்றதா என்று மட்டும் கேட்டது. கணனி பதிலிறுத்தால் நலம், இல்லையேல் நோய். இது முதற்கட்டம். கணனி உயிரோடிருந்தும் அஞ்சல் நிரல் இறந்திருக்கலாம் என்பது விரைவிலேயே உணரப்பட்டது. ஆகவே 220க்குக் காத்திருக்கும் ஆணைத்தொடர் வந்தது. அதுவும் போதவில்லை. வட்டு நிறைந்த சேவையகம் 220 என வரவேற்கும். பெயரைக் கூறினால் 250 என்று மகிழ்ச்சி தெரிவிக்கும். மடலைக் கையளிக்கப் புகும்போதே 452 என்று, இடமில்லையெனக் கையை விரிக்கும். வாசலில் நின்று வணக்கம் கூறித் திரும்பும் ஆணைத்தொடருக்கு உள்ளேயுள்ள வறுமை தெரியாது. இதனால் மூன்றாங்கட்டம் எழுந்தது. ஆணைத்தொடர் தானே ஒரு மடலை எழுதி, அதில் தனித்துவமான குறியொன்றையும் நேரத்தையும் பொறித்து, வெளியேயுள்ள முகவரிக்கு அனுப்பி, அது திரும்பி வரும்வரை காத்திருந்து, வந்துசேர எடுத்த விநாடிகளைக் கணக்கிடத் தொடங்கியது. இக்கட்டத்திலேதான் கேள்வி அடிப்படையில் மாறுகின்றது. இயந்திரம் பதிலளிக்கின்றதா என்பதிலிருந்து மடல் போய்ச்சேர்ந்ததா என்பதற்கு நலத்தின் அளவுகோல் நகர்ந்தது. மார்க்சியப் பொருளியலின் சொற்களிற் கூறுவதாயின், பயன்மதிப்பு முதன்முறையாக அளவீட்டுக்குள் வந்தது எனலாம். இயங்கும் சேவையகத்தால் எவருக்கும் பயனில்லை. சேர்ந்த மடலாலேயே பயனுண்டு.

இவ்வறிவு பரவிய விதமும் கவனத்துக்குரியது. 1987இல் ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியாவில், பெருந்தொகுதிகளைப் பராமரிப்போருக்கென யுசெனிக்ஸ் சங்கம் ஒரு கருத்தரங்கைத் தொடக்கிவைத்தது. அதே ஆண்டின் இறுதியில் லறி வோல் பேர்ள் மொழியின் முதற் பதிப்பை வெளியிட்டார். பதிவேடுகளிலிருந்து வேண்டிய வரிகளைப் பிரித்தெடுத்துத் தொகுப்பதற்கு அது மிகப் பொருத்தமாயிற்று. 1993இல் அதே கருத்தரங்கில், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீபன் ஹான்சனும் ரொட் அற்கின்சும் சுவொட்ச் என்னும் பேர்ள் ஆணைத்தொடரை விளக்கினர். பதிவேட்டில் எழுதப்படும் ஒவ்வொரு வரியையும் அது வாசித்துக்கொண்டிருக்கும். முன்னரே குறிக்கப்பட்ட சொற்றொடர் தோன்றியதும் உரியவரை எழுப்பும். இங்குக் கண்காணிப்பு என்பது வாசிப்பாகவே மாறிவிடுகின்றது. சேவையகம் ஓயாது தன்வரலாறு எழுதுகின்றது. ஆணைத்தொடர் அதன் சோர்வறியா வாசகனாகின்றது. எதனை வாசியாது விடலாம் என்பதைத் தீர்மானிப்பதே அவ்வாசகனுக்குக் கற்பிக்க வேண்டிய கடினமான பாடம். தேவையற்ற எச்சரிக்கை நாளுக்கு ஐம்பது வருமாயின், தேவையான ஐம்பத்தோராவதும் வாசிக்கப்படாமலே போய்விடும்.

இவ்விடத்திலே கோட்பாட்டுப் பிரச்சினையொன்றை எதிர்கொள்ளுதல் அவசியமாகின்றது. ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியிட்ட ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ என்ற நூலில், நவீன முகாமை சிந்தனையைச் செயலிலிருந்து பிரித்தெடுத்து, தொழிலாளியின் திறனை உறிஞ்சி இயந்திரத்திலும் திட்டமிடும் அலுவலகத்திலும் குவிக்கின்றது என்று நிறுவினார். அதனைப் பொறிமுறையாகப் பொருத்துவோர், கண்காணிப்பு ஆணைத்தொடரும் பராமரிப்பாளரின் திறனைக் களவாடிய மற்றொரு கருவியே என எளிதாகக் கூறிவிடக்கூடும். வரலாற்றுத் தரவுகள் அதற்கு இடந்தருவதில்லை. இவ்வாணைத்தொடர்களின் முதற் காலகட்டத்தில் அவற்றைச் சிந்தித்தவர், எழுதியவர், இயக்கியவர், அவற்றால் நித்திரை குலைந்தவர் யாவரும் ஒருவரே. சிந்தனையும் செயலும் அங்குப் பிரிந்திருக்கவில்லை. முகாமையாளரின் கட்டளைக்கு அமையவன்றி, இரவில் வீடு செல்ல வேண்டும் என்ற தமது தேவைக்காகவே அவர்கள் தமது உயிருள்ள உழைப்பை எழுத்தாக உறையவைத்தனர். மார்க்ஸ் 1857-58ஆம் ஆண்டுகளின் குறிப்பேடுகளில், இயந்திரத் தொழில் வளர்ச்சியடையுங்கால் மனிதன் உற்பத்திச் செயற்பாட்டின் பக்கத்தே நின்று அதனை மேற்பார்ப்பவனாக மாறுவான் என எதிர்பார்த்திருந்தார். மேற்பார்த்தலையும் எழுத்திடம் ஒப்படைத்தவர்கள் இப்பராமரிப்பாளர்கள். அதனால் அவர்களுக்குக் கிடைத்த ஓய்வு அவர்களிடமே நிலைத்ததா என்பது வேறு வினா.

பேஜர் கருவி அவ்வினாவுக்கு ஓரளவு விடை தருகின்றது. ஆணைத்தொடர் இல்லாத காலத்தில் நள்ளிரவிற் பழுதடைந்த சேவையகம் காலைவரை காத்திருந்தது. ஆணைத்தொடரும் பேஜரும் வந்த பின்னர் அது காத்திருக்கத் தேவையில்லை. பராமரிப்பாளரின் படுக்கையறை அலுவலகத்தின் நீட்சியாயிற்று. எச்சரிக்கை அனுப்பப்பட்ட நேரமும் அதற்கு அவர் பதிலளித்த நேரமும் பதிவாகின. சேவையகத்தை அளந்த கருவி அதனைப் பராமரித்தவரையும் அளக்கலாயிற்று. தமிழிலே கண்காணிப்பு என்ற சொல்லை நாம் தயக்கமின்றி வழங்கிவருகிறோம். நமது மலையகத் தோட்டங்களில் அச்சொல்லின் உறவான ‘கங்காணி’ என்பது யாரைக் குறித்தது, அவர் எதனைக் காணும்படி அமர்த்தப்பட்டிருந்தார் என்பதை இவ்விடத்து நினைவுகூர்வது பொருத்தமற்றதன்று. இயந்திரத்தைக் காணும் கண்ணும் உழைப்பாளியைக் காணும் கண்ணும் ஒன்றாகிவிடும் தருணங்கள் தொழில் வரலாற்றிலே பலவுண்டு.

நலத்துக்குப் பொது இலக்கணம் வகுக்கும் முயற்சிகளும் இக்காலத்தில் நிகழ்ந்தன. 1994 ஜனவரியில் வெளிவந்த விதியொன்று, அஞ்சற் சேவையகம் பெற்ற மடல்கள், தேக்கிவைத்துள்ள மடல்கள், அனுப்பிய மடல்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையை எவ்வாறு வெளியிட வேண்டும் என்று வரையறுத்தது. 1998இலும் 2000இலும் அது திருத்தப்பட்டது. எனினும் பராமரிப்பாளரின் அன்றாட வழக்கில் அவ்விலக்கணத்தைவிடச் செல்வாக்குப் பெற்றது வேறொன்று. 1999இல் ஈதன் கல்ஸ்ராட் நெற்செயின்ற் என்ற பெயரில் வெளியிட்டதும் 2002இல் நேகியோஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றதுமான தொகுதி, எவரும் எம்மொழியிலும் ஆணைத்தொடர் எழுதி அதனுடன் இணைக்கலாம் என்று அனுமதித்தது. ஒரேயொரு நிபந்தனை: ஆணைத்தொடர் முடிவுறும்போது 0, 1, 2, 3 என்னும் நான்கு எண்களுள் ஒன்றைத் தருதல் வேண்டும். நலம், எச்சரிக்கை, ஆபத்து, தெரியாது என்பன அவற்றின் பொருள். பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களால் அவை திரையிலே தோன்றின. ‘தெரியாது’ என்பதற்குத் தனி எண் ஒதுக்கிய நேர்மையை நாம் பாராட்டவே வேண்டும். பல ஆய்வாளர்களிடமும் அது காணப்படாதது.

நான்கு எண்களுக்குள் அடங்காத அறிவை வேறு கருவிகள் பேணின. ரோபியஸ் ஒய்ற்றிக்கர் 1995இல் வெளியிட்ட வரைபடத் தொகுதியும் 1999இல் அதனின்று வளர்ந்த தரவுக்களஞ்சியமும், எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தை நாள், கிழமை, மாதம், ஆண்டு என்ற அளவுகளில் வரைந்துகாட்டின. அலுவலகம் திறக்கும் நேரமும் மதிய உணவு வேளையும் வெள்ளி மாலையும் அவ்வரைபடங்களிலே தெளிவாகத் தெரிந்தன. சேவையகத்தின் நாடித்துடிப்பு உண்மையில் ஒரு சமுதாயத்தின் வேலைநாளே என்பதை அவை கண்கூடாக்கின. ஐபிஎம் ஆய்வுகூடத்தில் வீற்சே வெனெமா ஆக்கி 1998இல் வெளிவந்த போஸ்ற்பிக்ஸ் சேவையகத்துடன் வழங்கப்பட்டுவரும் கியூஷேப் என்னும் பேர்ள் ஆணைத்தொடர் இதனினும் நுட்பமானது. தேங்கிய மடல்களை அது வெறுமனே எண்ணுவதில்லை. அவை செல்லவேண்டிய இடத்தின்படியும், 5, 10, 20, 40 என இரட்டித்துச் செல்லும் நிமிடக் கணக்கில் அவற்றின் வயதின்படியும் வகுத்துக் காட்டுகின்றது. ஒரே இடத்துக்குரிய முதிய மடல்கள் திரண்டிருப்பின் நோய் அவ்விடத்தில் உள்ளது. எல்லா இடத்துக்குமுரிய இளைய மடல்கள் திரண்டிருப்பின் நோய் நம்மிடமே உள்ளது. முன்னர் அனுபவசாலியின் மனத்திலிருந்த பகுப்பாய்வு இங்கு அட்டவணையாகியுள்ளது.

ஆணைத்தொடரை நற்கருவியாக மட்டுமே சித்திரிப்பது உண்மைக்கு மாறாகும். 2000 மே 4ஆம் நாள் பிலிப்பைன்சிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் அஞ்சற் சேவையகங்களை மூச்சுத்திணறச் செய்த ‘ஐ லவ் யூ’ மடலின் இணைப்பும் ஓர் ஆணைத்தொடரே. மைக்ரோசொப்ற்றின் விசுவல் பேசிக் சார்ந்த மொழியில் எழுதப்பட்டிருந்த அதன் வரிகளை எவரும் திறந்து வாசித்திருக்கலாம். வாசிக்காமற் சொடுக்கினர்.

இக்கருவிகளின் பிறப்பிடங்களை ஒருங்கே நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. சென்ட்மெயில் பேர்க்லியிலும், எக்சிம் என்னும் சேவையகம் 1995இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும், சுவொட்ச் ஸ்ரான்போர்ட்டிலும் தோன்றின. 1980 முதல் பேர்க்லி யுனிக்ஸின் ஆக்கத்துக்கு ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சின் ஆராய்ச்சி முகவரகம் நிதியளித்தது. எரிக் றேமண்ட் 1997இல் வாசித்த ‘தேவாலயமும் சந்தையும்’ என்ற கட்டுரை, பெற்ச்மெயில் என்னும் அஞ்சல் நிரலை உதாரணமாக்கி, தன்னார்வலரின் சுதந்திரக் கூட்டுறவாக இவ்வாக்க முறையை வருணித்தது. அதன் வருணனையிற் பாதி உண்மை உண்டு. ஊதியத்தை யார் கொடுத்தார், கணனியை யார் வாங்கினார் என்ற மற்றைப் பாதியை அக்கட்டுரை கண்டுகொள்ளவில்லை. பொதுநிதியும் பல்கலைக்கழக ஊழியரின் வேலை நேரமும் அடித்தளமாக இருந்தமையாலேயே அவர்தம் ஆணைத்தொடர்கள் விலையின்றிக் கைமாற முடிந்தது.

அவ்வடித்தளம் மாறியபோது ஆணைத்தொடரின் நிலையும் மாறியது. மைக்ரோசொப்ற் 2006இன் இறுதியில் வெளியிட்ட பவர்ஷெல் என்னும் ஆணைமொழியும், அதன்மீது கட்டப்பட்ட எக்ஸ்சேஞ்ச் 2007 சேவையகமும், மடல் அனுப்பிச் சோதிக்கும் வழக்கத்தை ஆயத்த ஆணையாகவே பெட்டிக்குள் வைத்து விற்றன. எக்ஸ்சேஞ்ச் 2013இல் ஆராயும் கருவி, தீர்மானிக்கும் கருவி, பரிகாரம் செய்யும் கருவி என மூவகையாகப் பிரிந்து, சேவையகம் தன்னைத்தானே நோக்கித் தன்னையே மறுபடி தொடக்கும் ஏற்பாடு இடம்பெற்றது. இதற்கிடையே 2004இல் ஜிமெயிலும் 2011இல் ஒபிஸ் 365உம் வந்திருந்தன. நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் தமது சேவையகங்களை மூடி அஞ்சலை இவ்விரு பெருமுதலாளிகளிடம் ஒப்படைத்தன. அவ்வாறு ஒப்படைத்தோருக்கு வரிசையைச் சென்று பார்க்கும் வழி இல்லை. தமது மடலொன்று எங்குச் சென்றது எனத் தேடலாம். உடைமையாளர் வெளியிடும் நலப்பக்கத்தை வாசிக்கலாம். கண்காணிக்கும் ஆணைத்தொடர் அழிந்துவிடவில்லை. அது வேலியின் மறுபக்கம் சென்றுவிட்டது.

வேலியின் மறுபக்கத்தே என்ன நிகழலாம் என்பதை 2020 டிசம்பர் மாதத்தின் இரு நாட்கள் காட்டின. 14ஆம் நாள் கூகிளின் சேவைகள் முக்கால் மணிநேர அளவு முடங்கின. நிறுவனம் பின்னர் வெளியிட்ட அறிக்கையின்படி, பயனாளரை அடையாளம் காணும் சேவைக்கு எவ்வளவு வளம் செலவாகின்றது எனக் கணித்த பழைய அளவீட்டுப் பகுதியொன்று, பயன்பாடு பூச்சியம் எனத் தவறாக அறிவித்தது. அதனை நம்பிய தன்னியக்க ஏற்பாடு அச்சேவைக்குரிய வளத்தைக் குறைத்துவிட்டது. அளக்கும் கருவியின் பொய்யே நோயாயிற்று. மறுநாள் நடந்தது நமது ஆய்வுக்கு இன்னும் நெருக்கமானது. அமைப்பு மாற்றமொன்றின் போது ஜிமெயிலின் வாயிலிலுள்ள சேவைக்குத் தவறான களப்பெயர் ஊட்டப்பட்டது. அதனால் உண்மையில் உள்ள முகவரிகளுக்கும் 550 என்ற எண், அதாவது அப்படியொருவர் இல்லை என்னும் நிரந்தர மறுப்பு, விடையாகக் கிடைத்தது. சேவையகம் விழித்திருந்தது, விரைவாகப் பதிலளித்தது, நெறிமுறை பிசகாமற் பேசியது. அது 4இல் தொடங்கும் எண்ணைக் கூறியிருப்பின் உலகெங்குமுள்ள வரிசைகள் பொறுமையுடன் காத்திருந்திருக்கும். 5 என்றமையால் அஞ்சற் பட்டியல்களைப் பேணும் ஆணைத்தொடர்கள் விதியை நம்பி உயிருள்ள முகவரிகளைச் செயலிழந்தவையாகக் குறித்தன.

சொந்தச் சேவையகத்தை இன்னும் விடாது வைத்திருப்போரின் நிலை வேறு வகையிற் சிக்கலானது. 2024 பெப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும் பெருந்தொகையாக மடல் அனுப்புவோருக்கு நிபந்தனைகளை விதித்தன. நாளொன்றுக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் தமது அடையாளத்தைக் குறித்த மூன்று வழிகளால் நிறுவ வேண்டும். குப்பை மடல் என்ற முறைப்பாட்டு வீதம் 0.3 சதவீதத்தை எட்டாதிருக்க வேண்டும். குப்பை மடலின் கொடுமையை அறிந்தோர் இந்நிபந்தனைகளை முற்றாக மறுக்க மாட்டார்கள். ஆயின் முறைப்பாட்டு வீதத்தைக் கணிப்பது பெறும் நிறுவனம். அவ்வெண்ணைச் சேவையகத்தின் எந்தப் பதிவேட்டிலும் காணவியலாது. துறை திறந்திருக்கும், வரிசை வெறுமையாயிருக்கும், வட்டில் இடமிருக்கும், நேகியோஸின் விளக்குகள் யாவும் பச்சையாயிருக்கும். மடல் மட்டும் வாசிப்போரின் கண்ணிற்படாத அடைப்பிலே போய்க் கிடக்கும். ஆகவே இன்றைய ஆணைத்தொடர்களில் புதிய வரிகள் சேர்ந்துள்ளன. தமது முகவரி எவருடைய தடைப்பட்டியலிலேனும் இடம்பெற்றுள்ளதா என அவை நாள்தோறும் வெளியே சென்று விசாரிக்கின்றன. தன் நலத்தைப் பிறர் ஏட்டிற் சென்று தேடும் நிலை இது.

உடைமையாளரின் கண்ணுக்கும் எட்டாதவை உண்டு என்பதற்கு 2022 ஜனவரி முதல் நாள் சான்று. அன்று நள்ளிரவு கடந்ததும், நிறுவனங்கள் தம்மிடத்தே வைத்திருந்த எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சேவையகங்களில் மடல்கள் நகராது நின்றன. தீநிரல்களைத் தேடும் உறுப்பின் பதிப்பெண்ணாகத் தேதியே ஒரு முழுவெண் வடிவில் எழுதப்பட்டு வந்தது. புத்தாண்டின் எண் 2201010001. அவ்வுறுப்பு அதற்கென ஒதுக்கியிருந்த இடத்திற் கொள்ளக்கூடிய மிகப்பெரிய எண்ணோ 2147483647. எண்ணை ஏற்கமாட்டாது தேடும் உறுப்பு விழுந்தது. தேடப்படாத மடலை விடக்கூடாதென்ற விதியின்படி மடல்கள் வரிசையிலே தங்கின. 25ஆம் துறை 220 என்றே கூறிக்கொண்டிருந்தது. வரிசையை எண்ணும் பழைய ஆணைத்தொடரை வைத்திருந்தவர்களுக்கு எண் ஏறுவது தெரிந்தது. விடுமுறை நாளிற் கணனியின் முன் அமர்ந்த பராமரிப்பாளர்கள் தேடும் உறுப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வரிசையைத் திறந்துவிட்டனர். தொடர்ந்து மைக்ரோசொப்ற் ஒரு பரிகாரத்தை வெளியிட்டது. அது ஒவ்வொரு சேவையகத்திலும் தனித்தனியே இயக்க வேண்டிய ஒரு பவர்ஷெல் ஆணைத்தொடர். தேங்கிய மடல்களின் தொகையைப் பொறுத்து வரிசை வடிவதற்கு மேலும் நேரம் எடுக்கும் என்று நிறுவனம் அறிவித்தது.